தட்டில் விழுந்தவை

ரேடியேட்டரின் நீளம் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு,
அகலம் நூற்றிருபது. எல்லாம் மில்லிமீட்டர்.
அளந்தேன். மறுபடி அளந்தேன்.
அப்புறமும் நம்பாமல் மேலே ஒரு காகிதத்தை விரித்து
திருகுத் துளைகளைப் பென்சிலால் தேய்த்தெடுத்தேன்.
பதினொன்று பொருந்தின.
பன்னிரண்டாவது மட்டும் ஒரு மயிரிழை விலகி
யாரையோ எட்டிப் பார்க்கிறது.

கடை கிரில் எல்லாம் தேனடை.
அறுகோணம், பக்கத்தில் அறுகோணம்,
அதற்குப் பக்கத்திலும் வேறென்ன.
எனக்குத் தேனடை வேண்டாம்.
இந்தக் கறுப்புப் பெட்டியின் கூரையில்
சைமா ஏரி வேண்டும்.
நீரெல்லாம் ஓட்டை, வெப்பம் அதன் வழியே ஏறட்டும்.
நிலமெல்லாம் அலுமினியம்.

வெளியே கழித்தல் இருபத்து நான்கு.
லப்பேன்ரந்தாவில் நாலு மணிக்கே இருட்டு.
'ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா'
என்கிறான் யால்மரி, கம்பளிக் காலுறையோடு
அடுப்பருகே நின்று.
பதில் சொல்லவில்லை.
ஒரு விரிகுடாவின் வளைவில் இருந்தேன்.

நான்கு இரவுகள் கரை வரைந்தேன்.
சுட்டியைப் பிடித்த மணிக்கட்டில்
படகோட்டியின் வலி.

திங்களன்று பட்டறையிலிருந்து ஹில்லெவி அழைத்தாள்.
'கோப்பைத் திறந்தேன், ஓர்வொக்கி. அழகு.
முப்பத்தொரு தீவு வரைந்திருக்கிறாய்.
லேசர் ஒரு சுற்று சுற்றி வந்ததும்
முப்பத்தொன்றும் தட்டில் விழும்.
கரையைத் தொடாத எதுவும் நிற்காது, தெரியும்தானே?
பொறுக்கிப் பொட்டலம் கட்டித் தரவா?'

தெரியும் என்றேன்.
தெரியாது.

திரையில் தீவுகள் மிதந்துகொண்டுதான் இருந்தன.
திரைக்கு எடை என்ற கவலை கிடையாது.

அன்றிரவு பாலம் போட உட்கார்ந்தேன்.
ஒன்றின் அகலம் இரண்டு மில்லிமீட்டர்;
அதற்கும் குறைந்தால் நெளியும், கூடினால் காற்று திணறும்.
நகராட்சி மூன்று தேர்தலாக வாக்களித்த பாலத்தை
விடிவதற்குள் முடித்தேன்.
கோடையில் ஆடுகள் மட்டும் மேயும் தீவுக்கு
இரண்டு, இரு பக்கமும்.
படகுத்துறைக்காரர் பார்த்தால் சண்டைக்கு வருவார்.

மலிவு ஒட்டுப்பலகையில் ஒரு முன்னோட்டம் வெட்டி
மூன்று விசிறிகளையும் முடுக்கினேன்.
ஊளை.
நாய் எழுந்து வேறு அறைக்குப் போனது.
பாலமும் விசிறி இதழும் ஒரே சாய்வில் படுத்திருந்தால்
கடக்கும்போதெல்லாம் ஒன்றையொன்று கூப்பிடுமாம்.
முழு ஏரியையும் பிரித்து
பாலங்களை எதிர்ச்சாய்வில் திருப்பினேன்,
தகட்டுக்கும் விசிறிக்கும் நடுவே
ஆறு மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டேன்.
ஊளை முணுமுணுப்பானது.
நாய் வாசல்வரை வந்து நின்றது.

அலுமினியம் வியாழக்கிழமை வந்தது,
விளிம்பில் இன்னும் லேசரின் கருகல் வாசனையோடு.
கூடவே ஒரு சின்ன உறை.
உள்ளே கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு.
உறையின் மேல் ஹில்லெவியின் கையெழுத்து:
ஒன்றை மறந்துவிட்டாய்.

வரைபடத்தில் தேடினேன். பெயரில்லை.
யால்மரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தான்.
'இது தீவே இல்லை. பாறை.
பனி உருகி நீர் ஏறினால் காணாமல் போகும்.
போன வருடம் மோட்டாரை இதில்தானே உடைத்தேன்.'
மறதியில் நான் வெட்டியது
மே மாதத்து ஏரியை.

கிரில் இல்லாதபோது அறுபத்தெட்டு டிகிரி.
தேனடையோடு எழுபத்தாறு.
ஏரியோடு எழுபத்தொன்று.
மூன்று டிகிரி, ஒரு கரைக்கு நான் கட்டும் வரி.
அந்தப் பாறை இருந்த இடத்தில் விரலை வைத்தால்
வெதுவெதுப்பாக ஒரு மூச்சு.

துண்டைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில்
காந்தம் போல ஒட்டப் பார்த்தேன்.
அலுமினியம். எப்படி ஒட்டும்?
இப்போது மிச்சத் திருகுகளோடு
ஒரு மருந்து டப்பாவில் கிடக்கிறது.
டப்பாவை அசைத்தால்
அதன் சத்தம் மட்டும் தனி.